வாந்திபேதியும் உப்புச் சர்க்கரை நீரும்



நம் முன்னோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி மலாயாவுக்கு வந்த காலத்தில், பினாங்கை அடைந்த பலரை நேரே தோட்டங்களுக்கு அனுப்பிவிடவில்லை. ஜெரஜாக் தீவிலிருந்த தனிமை முகாமில் சில நாள்கள் நிறுத்தி வைத்தார்கள். அப்போது அதிகாரிகள் பெரிதும் அஞ்சிய நோய்களுள் ஒன்று காலரா, அதாவது வாந்திபேதி. காலையில் நலமாக வேலைக்குப் போனவன் மாலைக்குள் மடிந்து போகக்கூடிய நோய் அது. இன்று அதே நோயை உப்பும் சர்க்கரையும் கலந்த நீரால் வெல்ல முடிகிறது. இந்த மாற்றம் எப்படி வந்தது? அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் காணப் போகிறோம். நம் குடலின் உயிரணுக்கள் தீய கிருமியை எதிர்கொள்ளும் விதத்தை மனிதன் சிறிது சிறிதாக அறிந்துகொண்ட வரலாறு இது.

1831ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காலரா பரவியது. வில்லியம் ஓஷானஸி என்ற இளம் மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தார். அதில் நீரும் உப்பும் பெருமளவு குறைந்திருப்பதைக் கண்டார். மறு ஆண்டு ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்பவர் உப்புக் கலந்த நீரை நோயாளிகளின் இரத்தக் குழாயில் செலுத்திப் பார்த்தார். சாகக் கிடந்தவர்களில் சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். இழந்ததைத் திரும்பக் கொடுத்தால் உயிர் மீளும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. ஆயினும் பெரும்பாலான மருத்துவர்கள் அதை ஏற்கவில்லை. இரத்தத்தை வெளியேற்றுவதும் பேதி மருந்து கொடுப்பதுமே அக்கால வைத்தியமாக இருந்தது. நீரிழந்து வாடியவனிடமிருந்து இன்னும் நீரைப் பறித்தார்கள்!

1854ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் ஜான் ஸ்நோ என்ற மருத்துவர், பிராட் தெருவின் அடிகுழாய்த் தண்ணீரே நோய்க்குக் காரணம் என்று காட்டினார். குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதே ஆண்டில் இத்தாலியில் பிலிப்போ பாச்சினி, இறந்தவர்களின் குடலில் கிருமிகளை நுண்ணோக்கியில் கண்டார். அவர் சொன்னதை உலகம் கேட்கவில்லை. 30 ஆண்டுகள் கழித்து, 1884இல், ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் கல்கத்தாவில் அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்து, காற்புள்ளி போல் வளைந்தது என்று விளக்கிய பிறகே உலகம் நம்பியது.

கிருமி தெரிந்துவிட்டது. ஆனால் அது குடலில் என்ன செய்கிறது? இங்கேதான் ஒரு தவறான எண்ணம் நெடுங்காலம் நிலைத்துவிட்டது. குடலின் உட்புறத் தோலையே கிருமி உரித்தெடுத்து அழித்துவிடுகிறது என்று பலர் நம்பினர். இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்தபோது அத்தோல் உரிந்து கிடந்ததே இதற்குக் காரணம். உயிர் போன சிறிது நேரத்தில் அது தானாகவே உரியும் என்பதை அவர்கள் எண்ணவில்லை. அழிந்துபோன குடலுக்கு வாய் வழியாக நீர் கொடுத்து என்ன பயன் என்ற முடிவுக்கும் வந்தார்கள்.

இந்த இருளில் விளக்கேற்றியவர் சம்பு நாத் டே என்ற வங்காள மருத்துவர். 1915இல் ஹூக்ளி மாவட்டத்தில் பிறந்தவர். கல்கத்தாவில் எளிய கருவிகளைக் கொண்டே ஆராய்ச்சி செய்தார். முயலின் சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை இரு பக்கமும் நூலால் கட்டி, அதற்குள் காலராக் கிருமிகளைச் செலுத்தினார். மறுநாள் அப்பகுதி நீர் நிறைந்து உப்பியிருந்தது. இதை 1953இல் வெளியிட்டார். பிறகு கிருமிகள் வளர்ந்த நீரை வடிகட்டி, கிருமியே இல்லாத அந்த நீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது! கிருமி வெளிவிடும் ஒரு நச்சுதான் நோயை உண்டாக்குகிறது என்று 1959இல் உலகுக்கு அறிவித்தார். வாழ்நாளில் அவருக்கு உரிய பெருமை கிடைக்கவில்லை என்று பிற்காலத்து அறிவியலார் வருந்தி எழுதினர். 1985இல் அவர் மறைந்தார்.

ஏறக்குறைய அதே காலத்தில் பாங்காக் நகரில் காலரா பரவியிருந்தது. யூஜீன் கங்கரோசா என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும், உயிரோடிருந்த நோயாளிகளின் சிறுகுடலிலிருந்து மிகச் சிறு துணுக்குகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உட்தோல் உரியவில்லை, உயிரணுக்கள் முழுமையாக இருந்தன. 1960இல் வெளியான இம்முடிவு, பழைய எண்ணத்தை உடைத்தது.

அப்படியானால் அந்த உயிரணுக்களுக்கு என்னதான் நேர்கிறது? பின்வந்த ஆராய்ச்சிகள் இதைத் தெளிவாக்கின. காலரா நச்சில் ஆறு உறுப்புகள் உண்டு. ஐந்து உறுப்புகள் உயிரணுவின் மேற்புறத்தைப் பற்றிக்கொள்கின்றன. ஆறாவது உள்ளே நுழைகிறது. நுழைந்து, உயிரணுவின் கட்டளைகளைக் குழப்பிவிடுகிறது. லயத்துப் பொதுக்குழாயைத் திறந்துவிட்டு, அதன் திருகியைக் கழற்றிக்கொண்டு ஓடிப்போனவனை நினைத்துப் பாருங்கள். குழாய் உடையவில்லை, ஆனால் அதை மூட முடியவில்லை. அதுபோலவே உயிரணுவின் உப்பு வழி திறந்தபடியே நின்றுவிடுகிறது. உப்பு வெளியேற, அதைப் பின்தொடர்ந்து நீரும் வெளியேறுகிறது. அரிசி கழுவிய நீரைப் போல நோயாளிக்குப் பேதியாவது இதனால்தான். கடுமையான நோயில் ஒரே நாளில் 10 லிட்டருக்கும் மேல் போய்விடும்.

ஆனால் இயற்கை இன்னொரு வாசலை விட்டு வைத்திருக்கிறது. உப்பும் சர்க்கரையும் ஒன்றாகக் கைகோத்து உயிரணுவுக்குள் நுழையும் வழி ஒன்று உண்டு. இதை 1960இல் ராபர்ட் கிரேன் என்ற அறிஞர் பிராக் நகரில் எடுத்துரைத்தார். காலரா நச்சு இந்த வாசலை மூடுவதில்லை. ஆகவே வெறும் நீரைக் காட்டிலும், சரியான அளவில் உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீரைக் குடல் நன்றாக ஏற்றுக்கொள்கிறது. குடலின் உட்தோல் சில நாள்களுக்கு ஒருமுறை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. நஞ்சேறிய உயிரணுக்கள் உதிர்ந்து புதியவை வரும்வரை நீரிழப்பை ஈடுசெய்தால் போதும், நோயாளி பிழைத்துக்கொள்வார்.

அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த டாக்காவில், 1968இல் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் ஆகியோரும் அவர்களுடைய வங்காளத் தோழர்களும் இதை நோயாளிகளிடம் மெய்ப்பித்தார்கள். 1971இல் விடுதலைப் போர் மூண்டது. இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு ஓடி வந்தார்கள். எல்லையோரத்துப் போங்காவ் ஊரில், மருத்துவமனைத் தரையெல்லாம் காலரா நோயாளிகள் கிடந்தார்கள். இரத்தக் குழாயில் ஏற்றும் மருந்து நீர் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கிருந்த மருத்துவர் திலீப் மகலாநபிஸ் ஒரு துணிந்த முடிவு எடுத்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா எனப் பொட்டலம் கட்டச் செய்தார். கரைத்த நீரை நோயாளிகளின் உறவினர்களிடமே கொடுத்துப் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு 20 முதல் 30 பேர் வரை மடிந்துகொண்டிருந்த இடத்தில், அவருடைய பராமரிப்பில் இறந்தவர்கள் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவு. உயிர் காத்தவர்களில் பெரும்பாலோர் தாய்மார்களும் உடன்பிறந்தோருமே!

இவ்வரலாறு நமக்கும் தூரமானதன்று. 1961இல் தொடங்கிய ஏழாவது உலகக் காலராப் பரவல், நம் அண்டை நாடான இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவிலிருந்தே கிளம்பியது.

பேதியாகும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் அதிகமாகப் போகும் என்று சொல்வோர் உண்டு. அது பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. மருந்துக் கடையிலும் கிளினிக்கிலும் கிடைக்கும் உப்புநீர்ப் பொட்டலமே சிறந்தது. அது கைக்கு எட்டாவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்க வேண்டும். உப்பு மிகக் கூடாது. வாந்தி எடுத்தாலும் சிறிது பொறுத்து, கரண்டி கரண்டியாகப் புகட்ட வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. பாட்டிமார் கொடுத்த உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லதே. அரிசியின் மாவுச்சத்து குடலில் சர்க்கரையாக மாறுகிறது.

ஆனால் எல்லாப் பேதியும் ஒன்றல்ல. சீதபேதிக் கிருமி குடலின் உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து அவற்றை அழிக்கும். அப்போது மலத்தில் இரத்தம் காணும். இரத்தம் கண்டாலும், கண்கள் குழிந்தாலும், சிறுநீர் நின்றாலும், பிள்ளை குடிக்க முடியாமல் சோர்ந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். போகும் வழியிலும் நீர் புகட்டுவதை நிறுத்தக் கூடாது.

நோயுற்ற வேளையிலும் நம் குடல் ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க அறிஞர்களுக்கு நூறாண்டுக்கும் மேலாயிற்று. அதைப் பயன்படுத்த நமக்கு ஒரு குவளையும் கரண்டியும் போதும்.