தனிமனிதவாதம்

தனிமனிதவாதம் என்பது குடும்பம், சாதி, சமயம், இனம், அரசு ஆகிய எந்தக் கூட்டத்தையும் விடத் தனிமனிதரே அடிப்படை அலகு எனக் கொள்ளும் மெய்யியல், அரசியல் நிலைப்பாடு ஆகும். தனிமனிதத்துவம் எனவும் அழைக்கப்படுகின்றது. ஒருவருடைய வாழ்வு அவருக்கே உரியது, ஒரு கூட்டத்தின் நன்மைக்காக அவரை வெறும் கருவியாக்கலாகாது என்பது இதன் மையக் கருத்து. அன்றாடப் பேச்சில் இது தன்னலத்துடன் குழப்பிக்கொள்ளப்படுவதுண்டு. அக்குழப்பம் சொல்லின் பிறப்பிலேயே உள்ளது.

சொல்லின் வரலாறு

இச்சொல் 1820களில் பிரெஞ்சு மொழியில் பெரும்பாலும் ஒரு வசைச்சொல்லாகவே புழக்கத்துக்கு வந்தது. புரட்சி சமூகத்தைத் துகள்களாகச் சிதறடித்துவிட்டது எனக் கருதிய பழமைவாதிகளும், போட்டிப் பொருளாதாரத்தை வெறுத்த சான் சிமோன் வழியினரும் இதனைப் பயன்படுத்தினர்.

தன்னலத்தையும் தனிமனிதவாதத்தையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் அலெக்சி டி டோக்வில். 1831-32 இல் அமெரிக்காவில் பயணம் செய்த இவர், "அமெரிக்காவில் மக்களாட்சி" நூலின் 1840 இல் வெளியான இரண்டாம் பகுதியில் இதனை ஆராய்ந்தார். தன்னலம் பழமையான, குருட்டுத்தனமான உணர்ச்சி. தனிமனிதவாதமோ மக்களாட்சியுடன் தோன்றிய அமைதியான மனப்பாங்கு. குடிமகன் குடும்பம், நண்பர்கள் என்ற சிறு வட்டத்துக்குள் ஒதுங்கிப் பொதுக் காரியங்களைக் கைவிடுகிறான். அவ்வாறு ஒதுங்கியோர் மீது அரசு எளிதில் ஆதிக்கம் கொள்ளும் என அவர் அஞ்சினார். உள்ளூர்த் தன்னாட்சியும் தன்னார்வச் சங்கங்களுமே அவர் கண்ட மருந்து.

மில்லின் வாதம்

ஜான் ஸ்டுவர்ட் மில் 1859 இல் வெளியிட்ட "சுதந்திரம் பற்றி" என்னும் நூல் இக்கோட்பாட்டுக்கு வலுவான அடித்தளம் அமைத்தது. பிறருக்குத் தீங்கு நேராமல் தடுப்பதற்காக மட்டுமே ஒருவரைக் கட்டாயப்படுத்தலாம் என்றார் மில். அரசைப் போலவே ஊர்வழக்கமும் பொதுக்கருத்தும் மனிதரை அடக்கும் என்பது அவர் வாதத்தின் முக்கிய பகுதி. தமிழர் "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று அஞ்சுவது இதையே. ஆயினும் பல்லாண்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய மில், தாம் பின்தங்கியவை எனக் கருதிய சமூகங்களுக்கு இக்கோட்பாடு பொருந்தாது என எழுதியது கவனிக்கத்தக்கது.

இந்தியாவில்

தமிழ்நாட்டில் பிரமலைக் கள்ளரிடையே கள ஆய்வு செய்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், இந்திய மரபில் உலகைத் துறந்த துறவியே தனிமனிதர் என வாதிட்டார். சமூகத்துக்குள் இருப்பவருக்குச் சாதியே அடையாளம் என்ற இவரது பார்வை, பிராமண நோக்கைச் சார்ந்தது என விமர்சிக்கப்பட்டது.

அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையில், வரைவு அரசியலமைப்பு கிராமத்தை விடுத்துத் தனிமனிதரை அலகாகக் கொண்டதை வரவேற்றார். காந்தியர் போற்றிய கிராமம், தீண்டப்படாதோருக்கு ஒடுக்குமுறையின் இடமாக இருந்ததே காரணம். பின்னர் ஊராட்சிகள் அமைப்பது குறித்த பிரிவு 40 சேர்க்கப்பட்டது.

தனிமனிதரை மட்டும் கணக்கில் கொண்டால் சாதியால் விலக்கப்பட்டோருக்கு நீதி கிடைக்குமா என்ற கேள்வி விரைவிலேயே எழுந்தது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை, கல்லூரி இடங்களைப் 14 பங்காகச் சமூகவாரியாகப் பிரித்தது. செண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951 இல் இதனைச் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. குடிமகன் ஒருவரைச் சாதியைக் காரணமாக்கி அரசுக் கல்லூரியில் சேர்க்க மறுக்கலாகாது என்பதே அதன் அடிப்படை. சென்னை மாகாணத்தில் போராட்டங்கள் நடந்தன. அதே ஆண்டில் முதல் திருத்தம் மூலம் பிரிவு 15(4) சேர்க்கப்பட்டு, பின்தங்கிய வகுப்பினருக்கான சிறப்பு ஏற்பாடுகள் அனுமதிக்கப்பட்டன. ஒருவரது வாய்ப்பை அவர் பிறந்த கூட்டமே முன்கூட்டித் தீர்மானித்திருக்கும்போது, அக்கூட்டத்தைக் கணக்கில் எடுப்பதும் தனிமனித உரிமைக்கான வழியாகலாம் என்பது இத்திருத்தத்தின் தருக்கம்.

தனிவாழ்வில்

தொழில், சமயம், வாழ்விடம் ஆகியவற்றைத் தாமே தெரிவு செய்வது தனிவாழ்வில் இதன் வெளிப்பாடு. இந்தியச் சூழலில் கடுமையான சோதனைக் களம் திருமணமே. சுயமரியாதை இயக்கம் புரோகிதரின்றித் திருமணங்களை நடத்தியது. 1967 இல் அண்ணாதுரை அரசு சட்டத் திருத்தம் வழியாக இவற்றுக்கு ஏற்பளித்தது. எனினும் புரோகிதரை விலக்குவது சாதியை விலக்குவதாகிவிடாது. பெரும்பாலான திருமணங்கள் இன்றும் சாதிக்குள்ளேயே நடைபெறுகின்றன. வயதுவந்த இருவர் மணம்புரியக் குடும்பத்தின் அல்லது சமூகத்தின் ஒப்புதல் தேவையில்லை என உச்ச நீதிமன்றம் 2018 இல் தீர்ப்பளித்தது. அதன் பின்னரும் சாதி மறுப்புத் திருமணம் செய்தோர் உறவினரால் கொல்லப்படும் நிகழ்வுகள் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் நிகழ்ந்துள்ளன.