ஒரு பக்கம் சவப்பெட்டி, மறுபக்கம் புத்தகம்

எண்ணூறு வருடங்களுக்கு முன்னால் நடந்த ஒரு சவ ஊர்வலத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

மொராக்கோவில், மராகேஷ் நகரத்தில் புதைத்த ஒரு உடலை மூன்று மாதம் கழித்துத் தோண்டி எடுத்தார்கள். கடல் தாண்டி அந்தலூசியாவுக்கு, அதாவது ஸ்பெயினின் தென்கோடிக்கு, அவருடைய சொந்த ஊரான கார்டோபாவுக்குக் கொண்டுபோக வேண்டும். பொதி சுமக்கும் மிருகத்தின் ஒரு பக்கம் சவப்பெட்டியைக் கட்டினார்கள். ஒரே பக்கம் பாரம் ஏற்றினால் அது எப்படி நடக்கும்? எடைக்கு எடை வேண்டாமா? மறுபக்கம், செத்துப்போனவர் எழுதிய புத்தகங்களைக் கட்டினார்கள். சரியாக இருந்தது.

யாரோ பின்னாளில் கட்டிய கதையல்ல இது. பிற்காலத்தில் மாபெரும் சூஃபி ஞானியாக அறியப்பட்ட இப்னு அரபி, பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு எழுதிவைத்தது. இறந்தவர் பெயர் இப்னு ருஷ்து. ஐரோப்பியர்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாமல் 'அவரோஸ்' ஆக்கிவிட்டார்கள்.

1126-ல் கார்டோபாவில் பிறந்தவர். அப்பா நீதிபதி. தாத்தா அந்த ஊரின் தலைமை நீதிபதி. பேரனும் சட்டம் படித்தார். கூடவே மருத்துவம், கூடவே தத்துவம். முதல் இரண்டில் பிரச்னை இல்லை. மூன்றாவதுதான் வில்லங்கம். கிரேக்கர்களின் தத்துவத்தைப் படிக்கிறான் என்றால் மார்க்கத்தில் சந்தேகப்படுகிறான் என்று அர்த்தம் செய்துகொள்கிற ஆசாமிகள் ஊரில் ஏராளம்.

அதனால்தான் சுமார் 1169-ல், சுல்தான் அபு யாகூப் யூசுப் முன்னால் முதல் முறையாகப் போய் நின்றபோது அவருக்கு உதறல் எடுத்தது. ஊர் பேர் விசாரித்துவிட்டு சுல்தான் கேட்ட கேள்வி அப்படி. ''இந்த வானம் என்றைக்குமே இருந்ததா, இல்லை ஒருநாள் படைக்கப்பட்டதா? தத்துவவாதிகள் என்ன சொல்கிறார்கள்?'' எப்படிப் பதில் சொன்னாலும் மாட்டிக்கொள்ளலாம். நாற்பதைத் தாண்டிய நம் நீதிபதி, 'எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க' என்கிற ரீதியில் மழுப்பினார். சுல்தான் சிரித்திருக்க வேண்டும். அறிமுகம் செய்துவைத்த இப்னு துஃபைல் பக்கம் திரும்பி, அரிஸ்டாட்டில் என்ன சொன்னார், பிளேட்டோ என்ன சொன்னார், அதற்கு மதவாதிகளின் மறுப்பு என்ன என்று தானே அலச ஆரம்பித்துவிட்டார். மனிதர் கரைகண்டவர்! அப்புறம்தான் இப்னு ருஷ்துக்கு வாய் திறந்தது. பரிசுப் பணம், அங்கி, சவாரிக்கு ஒரு மிருகம் சகிதம் வீடு திரும்பினார்.

கொஞ்ச நாளில் ஒரு வேலையும் வந்தது. அரிஸ்டாட்டில் புரியவே மாட்டேனென்கிறார், யாராவது விளக்கி எழுதினால் தேவலை என்று சுல்தான் அலுத்துக்கொண்டாராம். இப்னு ருஷ்து உட்கார்ந்தார். செவில்லில் நீதிபதி, பிறகு கார்டோபாவில் நீதிபதி, 1182-லிருந்து அரசவை வைத்தியர். இத்தனைக்கும் நடுவில் எழுதித் தள்ளிய உரைகள் முப்பதுக்கும் மேல். சில நூல்களுக்குச் சிறிசு, நடுத்தரம், பெரிசு என்று மூன்று சைஸில் உரை!

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அதே ஊர்ப் பையன் ஒருவனைப் பார்த்துவிடலாம்.

1148-ல் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அல்மொஹாத் படைகள் கார்டோபாவைப் பிடித்தன. கறாரான கூட்டம். யூதர்களும் கிறிஸ்தவர்களும் வரி கட்டிவிட்டு அவரவர் மதத்தோடு வாழலாம் என்று அதுவரை இருந்த ஏற்பாட்டைத் தூக்கிக் கடாசினார்கள். மதம் மாறு, அல்லது கிளம்பு. இந்த அமளியில் ஊரைவிட்டு வெளியேறிய ஒரு யூதக் குடும்பத்தின் பையனுக்கு அப்போது வயது சுமார் பத்து. பின்னாளில் மைமோனிடஸ் என்று உலகம் அறிந்தவர். அலைந்து திரிந்து, மொராக்கோவின் ஃபெஸ் நகரில் சில வருடம் இருந்து, கடைசியில் எகிப்தில் குடியேறினார்.

அங்கே குடும்பத்தைத் தாங்கியது தம்பி தாவீது. ரத்தின வியாபாரி. அண்ணன் படிக்கட்டும், நான் சம்பாதிக்கிறேன் என்கிற ரகம். ஒரு தடவை சரக்கு எடுக்க இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். செங்கடல் துறைமுகம் ஒன்றிலிருந்து, கவலைப்படாதே என்று அண்ணனுக்கு எழுதிய கடிதம் கெய்ரோவின் பழைய யூதக் கோயில் காகிதக் குவியலில் கிடைத்தது. தம்பி கிடைக்கவில்லை. இந்தியப் பெருங்கடலில் மூழ்கிப்போனார். கூடவே குடும்பப் பணமும், மற்றவர்கள் நம்பிக் கொடுத்த பணமும். பி.காம் படித்தவன் என்பதால் எனக்கு அந்த இரண்டாவது பணம் உறுத்துகிறது. அது கடன் அல்லவா? மைமோனிடஸ் ஏறக்குறைய ஒரு வருடம் படுத்த படுக்கை. எழுந்தபின் பிழைப்புக்குப் பிடித்த தொழில்தான் வைத்தியம். சலாதீனின் அமைச்சருக்கே வைத்தியராகும் அளவுக்குப் போனார்.

இதில் ஒரு நெருடல் இருக்கிறது, சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. மைமோனிடஸ் குடும்பத்தைத் துரத்திய அதே அல்மொஹாத் அரசாங்கத்தில்தான் இப்னு ருஷ்து உத்தியோகம் பார்த்தார். அவருக்குப் பரிசு கொடுத்த சுல்தான், துரத்திய சுல்தானின் மகன்! 'எல்லா மதமும் ஒற்றுமையாக வாழ்ந்த பொற்கால அந்தலூசியா' என்று சுற்றுலாப் புத்தகங்களில் படிக்கும்போது இதையும் ஓரமாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் முறையும் வந்தது. 1195. இப்போது பட்டத்தில் அடுத்த தலைமுறை, அல் மன்சூர். வடக்கே கிறிஸ்தவ மன்னன் அல்போன்சோவுடன் யுத்தம். படை திரட்டவேண்டும், மதவாதிகளின் தயவு வேண்டும். அவர்கள் கேட்ட விலை இந்த எழுபது வயதுக் கிழவர் என்பதுதான் பலரும் சொல்லும் காரணம். இன்னொரு கதையும் உண்டு. விலங்குகள் பற்றிய நூலில், 'ஒட்டகச்சிவிங்கியை பெர்பர் ராஜாவிடம் பார்த்தேன்' என்று எழுதிவிட்டாராம். சக்கரவர்த்தியை இப்படியா மொட்டையாக எழுதுவது? 'இரு நாட்டு ராஜா என்றுதான் எழுதினேன், நகல் எடுத்தவன் மாற்றிவிட்டான்' என்று சமாளித்துப் பார்த்தார். அரபு எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். எடுபடவில்லை.

கார்டோபாவின் பெரிய பள்ளிவாசலுக்கு மகனோடு தொழப் போனபோது கும்பல் சேர்ந்து விரட்டியடித்தது. அவருடைய தாத்தா இமாமாக நின்ற பள்ளிவாசல் அது. அடைந்த துன்பங்களிலேயே பெரிது இதுதான் என்று பின்னால் சொன்னாராம். தத்துவப் புத்தகங்களை எரிக்க உத்தரவானது. ஆனால் விதிவிலக்கு: மருத்துவம், கணக்கு, தொழுகை நேரமும் திசையும் பார்க்கிற அளவுக்கு வானியல். சுல்தானுக்கும் வயிறு வலிக்குமே!

(முந்நூறு வருடம் கழித்து கிரனடாவில் கிறிஸ்தவப் பாதிரியார் சிஸ்னெரோஸ் அரபுப் புத்தகங்களைக் குவித்து எரித்தபோதும் மருத்துவ நூல்களை மட்டும் ஒதுக்கி வைத்தார். இந்த விஷயத்தில் இரண்டு தரப்புக்கும் நல்ல ஒற்றுமை.)

இப்னு ருஷ்துவை நாடு கடத்திய இடம் லுசேனா. கார்டோபாவுக்குத் தெற்கே சின்ன ஊர். ஒரு காலத்தில் யூதர்களின் ஊர், பெரிய யூதக் கல்விக்கூடம் இருந்த ஊர். அல்மொஹாதுகள் வந்து காலி செய்தார்கள். மைமோனிடஸின் ஜனங்கள் விட்டுப்போன ஊரில் இப்னு ருஷ்து. இருவரும் வாழ்நாளில் சந்தித்ததற்கு ஆதாரம் இல்லை.

சுல்தான் இரண்டொரு வருடத்தில் மனம் மாறி அவரை மராகேஷுக்கு அழைத்தார். உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. 1198 டிசம்பரில் மரணம். பிறகுதான் அந்தச் சவப்பெட்டியும் புத்தக மூட்டையும்.

உடலைப் புதைத்தாயிற்று. மூட்டை?

எகிப்தில் இருந்த மைமோனிடஸ் கைக்கு அந்த உரைகள் எப்படியோ போய்ச் சேர்ந்திருந்தன. அரிஸ்டாட்டில் படிக்கவேண்டுமா, இப்னு ருஷ்துவின் உரையோடு படி என்று பிரான்சிலிருந்த தன் மொழிபெயர்ப்பாளருக்குக் கடிதம் எழுதினார். யூதர்கள் ஹீப்ருவில் பெயர்த்தார்கள். கிறிஸ்தவர்கள் லத்தீனில் பெயர்த்தார்கள். பாரீஸ் பல்கலைக்கழகத்தில் 'உரையாசிரியர்' என்றால் இவர்தான், பெயர் சொல்ல வேண்டாம். 1270-லும் 1277-லும் பாரீஸ் பிஷப் தடை போட்ட கருத்துகளில் இவர் பெயரால் பரவியவையும் இருந்தன. அங்கேயும் வம்புதான், ஆனால் படித்துவிட்டு வம்பு.

அரபியில்? நிறைய மூலங்கள் காணாமலே போயின. ஆன்மா பற்றிய அவரது பேருரை முழுசாகக் கிடைப்பது லத்தீனில். பிளேட்டோவின் 'குடியரசு' நூலுக்கு எழுதிய விளக்கம் ஹீப்ருவில் மட்டும். அதில்தான், நம் ஊர்களில் பெண்களைச் செடிகொடி மாதிரி வைத்திருக்கிறோம், பிள்ளை பெறுவதோடு சரி, இந்த நகரங்கள் ஏழையாக இருக்க இதுவும் ஒரு காரணம் என்று எழுதுகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில், ஒரு நீதிபதி!

இன்றைக்குக் கார்டோபா போனால் இருவருக்கும் சிலை உண்டு. 1960-களில் வைத்தது. பழைய யூதத் தெருவில் உட்கார்ந்திருக்கும் மைமோனிடஸின் பாதத்தைத் தொட்டால் அறிவு வரும் என்று தொட்டுத் தொட்டுப் பளபளவென்று ஆக்கியிருக்கிறார்கள். கொஞ்ச தூரத்தில், கோட்டைச் சுவரோரம் புத்தகத்தோடு இப்னு ருஷ்து.

அந்தக் 'குடியரசு' விளக்கம் 1998-ல் பெய்ரூட்டில் அரபியில் அச்சானது. அவர் இறந்து சரியாக எண்ணூறு வருடம். மூலம் கிடைக்கவில்லை. மொராக்கோவைச் சேர்ந்த ஒரு பேராசிரியர் ஹீப்ருவிலிருந்து அரபிக்குத் திருப்பி மொழிபெயர்த்துக் கொடுத்தார்.