தெருவில் இறக்க இடமில்லை

ஒரு கோடிச் செங்கலை எங்கே இறக்குவது? 1930-இல் நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை எழுப்ப வந்தவர்களுக்கு இது பெரிய தலைவலி. மனை ஏறத்தாழ 425 அடிக்கு 197 அடி. அதைக் கட்டடமே அடைத்துக்கொண்டுவிடும். வெளியே ஐந்தாவது அவென்யூவும் 34-ஆம் தெருவும். வண்டிகள் ஓயாத இடம். நம்மூரில்போல மணலையும் ஜல்லியையும் சாலையோரம் கொட்டிவிட்டு, எதிர்வீட்டுக்காரரிடம் "ரெண்டு நாள் பொறுத்துக்குங்க" என்று சொல்லிச் சமாளிக்க வழியில்லை.

ஒப்பந்தம் எடுத்தது ஸ்டாரெட் பிரதர்ஸ் அண்ட் ஈக்கன் நிறுவனம். உங்களிடம் என்னென்ன இயந்திரங்கள் இருக்கின்றன என்று கட்டட முதலாளிகள் கேட்டபோது, ஒன்றுமே இல்லை என்று பால் ஸ்டாரெட் சொன்னாராம். மற்ற ஒப்பந்தக்காரர்கள் தங்கள் பட்டறையை வர்ணித்துவிட்டுப் போன அதே அறையில்! இந்த அளவு கட்டடத்துக்குப் பழைய சாமான் உதவாது, புதிதாகச் செய்து வாங்கி, வேலை முடிந்ததும் விற்றுவிடுவோம் என்பது அவர் வாதம். நினைவுக் குறிப்பில் அவரே எழுதிவைத்த கதை இது. கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் களத்தில் நடந்தது அவர் சொன்னபடிதான்.

செங்கல் லாரிகள் தெருவில் நிற்காமல் கட்டடத்துக்குள்ளேயே நுழைந்தன. கொட்டிய செங்கல் அடித்தளத்தில் இருந்த பெரிய புனல் தொட்டிகளில் விழுந்தது. தேவைப்படும்போது தொட்டியின் வாயைத் திறந்தால் கீழே நிற்கும் இரும்புத் தள்ளுவண்டி நிறையும். வண்டி லிஃப்டில் ஏறி, மேல்தளத்தில் போட்டிருந்த சிறு தண்டவாளத்தில் உருண்டு கொத்தனாரிடம் போய்ச் சேரும். ஒவ்வொரு தளத்திலும் அப்படி ஒரு குட்டி ரயில்பாதை. வேலை மேலேற மேலேற அதுவும் கழற்றப்பட்டு மேலே போனது.

இரும்பின் கதை இன்னும் நுணுக்கமானது. மொத்தம் 57,000 டன். பென்சில்வேனியா ஆலைகளில் வெட்டித் துளையிட்ட தூண்களும் உத்தரங்களும் நியூஜெர்சியில் ஒரு கிடங்கில் காத்திருந்தன. எந்தத் தளம், எந்த இடம், எந்த டெரிக் (பாரந்தூக்கி) தூக்க வேண்டும் என்பதெல்லாம் ஒவ்வொன்றின் மேலும் குறிக்கப்பட்டிருந்தன. நேரம் வந்தபோதுதான் அவை ஆற்றைக் கடந்தன. உலையின் சூடு ஆறுமுன்பே சட்டத்தில் ஏறிய உத்தரங்கள் உண்டு என்று நியூயார்க்கில் சொல்லிக்கொண்டார்கள். தொட்டுப் பார்த்தவர்கள்தான் சாட்சி.

1930 ஆகஸ்ட் 14 அன்று அங்கே 3,439 பேர் வேலை பார்த்தார்கள். அத்தனை பேரும் மதியச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கினால் லிஃப்டுகள் என்ன ஆகும்? உணவகங்களையே மேல்தளங்களுக்குக் கொண்டுபோனார்கள்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த ஏற்பாடுகள். உண்மையான சாமர்த்தியம் வேலைகளை வரிசைப்படுத்தியதில் இருந்தது. நான்கு வேலைகளை மட்டும் வேகத்தை நிர்ணயிப்பவையாக வைத்துக்கொண்டார்கள்: இரும்புச் சட்டம், கான்கிரீட் தளம், வெளிச்சுவரின் உலோகப் பட்டைகளும் அலுமினியப் பலகைகளும், சுண்ணாம்புக்கல். மற்ற வேலைகள் இவற்றின் பின்னால் நடந்தால் போதும். வரைபடமும் இதற்கு வளைந்து கொடுத்தது. கல்லின் ஓரங்களை உலோகப் பட்டை மறைத்துவிடுவதால், களத்தில் இழைத்துப் பொருத்தும் வேலை மிச்சம். வாரத்துக்குச் சராசரி நாலரைத் தளம் எழும்பியது. கட்டடக் கலைஞர் ஷ்ரீவ் இதை ஓர் ஊர்வலத்துக்கு ஒப்பிட்டார். முன்னால் போகிறவர் நின்றால் பின்னால் வருகிறவரும் நிற்க வேண்டியதுதான்.

இவ்வளவு அவசரம் எதற்கு? நியூயார்க்கில் அலுவலக வாடகை ஒப்பந்தங்கள் மே 1-ஆம் தேதி தொடங்குவது வழக்கம். அந்த நாளைத் தவறவிட்டால் ஓராண்டு வாடகை போச்சு. 1930 மார்ச் 17-இல் தொடங்கிய கட்டுமானம் 410 நாளில், 1931 மே 1 அன்று, 102 மாடிகளோடு திறப்பு விழா கண்டது. அதிகாரபூர்வக் கணக்கில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்திருந்தார்கள். துரத்திப் பிடித்த வாடகைதான் வரவில்லை. பொருளாதாரப் பெருமந்தத்தில் குடிவர ஆளில்லாமல், நகரத்தார் அதை 'எம்ப்டி ஸ்டேட் பில்டிங்' என்று கேலி செய்தார்கள்.

இத்தகைய திட்டமிடலைக் கணிதமாக ஆராயும் துறைக்கான ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்ற பெயர் அப்போது பிறக்கக்கூட இல்லை. 1930களின் பிற்பகுதியில் பிரிட்டனின் ரேடார் சோதனைகளையொட்டி வந்த சொல் அது. இந்த வரிசைக் கணக்குக்குக் கணித வடிவம் கிடைக்க 1950களின் பிற்பகுதி வரை பொறுக்க வேண்டியிருந்தது. கொடுத்தவர்களும் கட்டடக்காரர்கள் அல்லர். டூபான்ட் ரசாயன நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும். எந்த வேலை எதற்குப் பின், எத்தனை நாள் என்று எழுதிக்கொண்டால், அவற்றில் மிக நீளமான சங்கிலிதான் முடிவு நாளைத் தீர்மானிக்கும். கான்கிரீட் இறுகக் காத்திருக்கும் நாளை, கதவு செய்யும் தச்சரை விரட்டிக் குறைக்க முடியாது. கிரிட்டிக்கல் பாத் என்று இன்று பொறியியல் மாணவர்கள் படிப்பது இதுதான். அன்று அந்தக் கணக்கைப் போட்டது ஓர் அறையையே அடைத்த யூனிவாக் கணினி.

கட்டடக் களத்தில் யூனிவாக்குக்கு எங்கே போவது? 1961-இல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் ஃபோண்டால், கணினி இல்லாமலே அதைப் போடும் முறையை ஓர் அறிக்கையாக எழுதினார். வேலைக்கு ஒரு வட்டம், வட்டங்களை இணைக்க ஒரு கோடு. பென்சிலும் தாளும் போதும். இன்றைய திட்டமிடல் மென்பொருள்களின் அடியில் இருப்பதும் அந்த வட்டமும் கோடும்தான்.

ஸ்டாரெட் நிறுவனத்தாரும் தங்கள் வேலையை எழுதித்தான் வைத்திருந்தார்கள். நீலக் கட்டம் போட்ட தாளில் தட்டச்சு செய்து, புகைப்படங்கள் ஒட்டிய ஒரு களக் குறிப்பேடு. அது அச்சில் புத்தகமாக வந்தது 1998-இல்.