மதராஸ் பெயர் தாங்கிய நோய்

ஓசூரிலிருந்து வடக்கே போகும் பெருஞ்சாலை, அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூருக்குள் நுழைந்த பின்னும் 'ஓசூர்ச் சாலை' என்னும் பெயரை விடுவதில்லை. 1954 இல் தோன்றிய ஓர் ஆய்வு நிறுவனமும் பழைய மனநல மருத்துவமனையும் 1974 இல் இணைந்து உருவான நிம்ஹான்ஸ் அச்சாலையில்தான் நிற்கிறது. சிப்காட் தொழிற்பேட்டையில் லேத் முன் நிற்கும் இருபது வயது இளைஞனின் உள்ளங்கைச் சதை காரணமின்றிச் சூம்பத் தொடங்கினால், சென்னையைக் காட்டிலும் அவனுக்கு அண்மையில் இருப்பது அதுவே.

அங்கே அவனுக்கு இரண்டு சோதனைகள் நடக்கும். முதலாவது, நரம்பின் ஓரிடத்தில் சிறு மின்னதிர்ச்சி தந்து, தசை துடிக்க எத்தனை நேரமாகிறது என்று அளப்பது. பழந்தமிழில் நரம்பு என்பது யாழின் தந்தியையும் குறிக்கும். தட்டிப் பார்த்துக் குறையறியும் இவ்வேலைக்கு அச்சொல் எவ்வளவு பொருத்தம்! 1850 இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் இவ்வேகத்தை அளந்து, நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர் என்று கண்டார். அதுவரை அளக்கவே இயலாத வேகம் என்று அறிஞர் பலர் கருதியிருந்தனர். மனிதக் கையில் அது 50 மீட்டருக்கு மேல்.

இரண்டாவது, தசைக்குள் ஊசி செலுத்திக் கேட்பது. கேட்பது என்றே சொல்ல வேண்டும். கருவியில் ஒலிபெருக்கி உண்டு. ஓய்விலிருக்கும் நலமான தசை மௌனம் காக்கும். தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்கள் மாண்டிருந்தாலோ, ஆளில்லாத் தசையிழைகள் தாமாகவே படபடக்கும். எஞ்சிய அணுக்கள் அவற்றைத் தத்தெடுத்துக்கொள்வதால், கையை அசைக்கும்போது பேரலைகள் எழும். தசையே நோயுற்றிருந்தால் அலைகள் சிறுத்துக் குறுகும். இத்தகைய ஊசி மின்முனையை 1929 இல் ஏட்ரியனும் பிராங்கும் வகுத்தளித்தனர்.

நரம்பின் வேகம் சரி, ஊசியில் மட்டும் பேரலை என்றால் இறந்தவை இயக்க நரம்பணுக்கள் என்பது தெளிவு. ஆனால் அத்தீர்ப்பு அச்சமூட்டுவது. மேலைநாட்டு நூல்களில் இயக்க நரம்பணு நோய் என்றால் பெரும்பாலோர்க்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளே ஆயுள். அந்த இளைஞனிடம் அப்படியே சொல்லிவிடலாமா?

கூடாது என்று காட்டியவர்கள் நம்மவர்கள். 1970 இல் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், பா. ராமமூர்த்தி மூவரும் சென்னையில் தாம் கண்ட இளம் நோயாளிகளைப் பற்றி எழுதினர். கைகால் மெலிவு, முகத்தளர்ச்சி, செவித்திறன் இழப்பு. ஆயினும் நோய் மெல்லவே நகர்ந்தது, பலர் நெடுங்காலம் வாழ்ந்தனர். 'மதராஸ் வகை' என்னும் பெயர் உலக நூல்களில் நிலைத்தது. 1984 இல் நிம்ஹான்ஸின் கௌரி தேவியும் உடன் பணியாற்றியோரும் ஒரே ஒரு கையோ காலோ மட்டும் சூம்பும் வகையை விவரித்தனர். அது சில ஆண்டுகள் வளர்ந்து பெரும்பாலும் நின்றுவிடும். ஜப்பானில் 1959 இலேயே ஹிராயமா இதையொத்த ஒன்றைக் கையில் கண்டிருந்தார்.

எனவே ஊசி சொல்வது பாதி. எந்த அணு மாண்டது, எத்தனை உறுப்புகளில் என்று அது காட்டும். எவ்வளவு விரைவில் பரவும் என்பதற்கு வயதும் செவிச்சோதனையும் பல மாதக் காத்திருப்பும் வேண்டும். 1996 இல் நகரம் சென்னையானது. நோய்க்கு மட்டும் இன்றும் மதராஸ் என்றே பெயர்.