கைபேசி யாருடையது? ஷிரூர் வட்டத்து முதியோர் நடையை அளப்பது குறித்து

முதுமையில் உடல்நிலையைக் காட்டும் அளவைகளுள் நடைவேகம் எளியது, நம்பகமானதும்கூட. 2011-இல் ஸ்டுடென்ஸ்கி குழுவினர் ஒன்பது நெடுங்கால ஆய்வுகளிலிருந்து 34,485 முதியவர்களின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நொடிக்கு 0.1 மீட்டர் வேகம் கூடுந்தோறும் இறப்பு அபாயம் ஏறத்தாழ 12 விழுக்காடு குறைந்திருந்தது. கைபேசிக்குள் உள்ள முடுக்கமானி, சுழல்மானி ஆகிய உணரிகள் வேகத்துக்கு அப்பாலும் பார்க்கின்றன. நடக்கையில் உடல் எழுந்து தாழும் அளவைக் கொண்டு அடியின் நீளத்தைக் கணிக்கலாம். அடிக்கு அடி நேரம் மாறுவதையும் திரும்பும்போது ஏற்படும் தடுமாற்றத்தையும் பிரித்தறியலாம். இத்தனையையும் ஏற்றுக்கொண்ட பிறகும் அளக்கும் கைபேசி யாருடையது என்ற கேள்வி நிற்கிறது. புனே மாவட்டத்து ரஞ்சன்காவ் போன்ற ஊரில் அது முதியவரின் சொந்தக் கைபேசியாக இருக்கக் கூடாது, வீடு தேடி வரும் கிராமச் சுகாதாரத் தொண்டரான ஆஷா பணியாளரின் கைபேசியாகவே இருக்க வேண்டும் என்பது என் வாதம்.

ரஞ்சன்காவ் அமைந்துள்ள ஷிரூர் வட்டம் இத்துறைக்குப் புதிதன்று. அங்குள்ள வடூ புத்ருக்கில் புனே கே.இ.எம். மருத்துவமனை ஆய்வு மையம் 2002 முதல் 22 கிராமங்களின் மக்கள்தொகையையும் உடல்நலத்தையும் தொடர்ந்து பதிவுசெய்து வருகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் முதுமை ஆய்வுக்காக அங்கே 50 வயதைக் கடந்தவர்களிடம் கேட்டறிந்தபோது, தம் உடல்நிலையும் இயங்குதிறனும் தாழ்ந்திருப்பதாக ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாகச் சொன்னார்கள். உணரியின் உதவி முதலில் தேவைப்படுவது அவர்களுக்குத்தான். ஆனால் ஆப்பிள் நிறுவனம் 2021-இல் ஐபோனில் கொண்டுவந்த நடை உறுதி அளவீடு, கைபேசி இடுப்பருகே இருப்பதை வேண்டுகிறது. ஒன்பது கெஜப் புடவை உடுத்தும் மூதாட்டிக்கு இடுப்பில் பை ஏது? முதியவர் சட்டையின் மார்புப் பையில் வைத்தால், உடலின் அசைவோடு துணியின் ஆட்டமும் சேர்ந்து பதிவாகும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15–49 வயதுப் பெண்களிலேயே தாமே பயன்படுத்தும் கைபேசி உடையவர்கள் 54 விழுக்காட்டினர்தாம். அவர்களின் தாய்மாரும் மாமியாரும் இந்தக் கணக்குக்குள்ளேயே வருவதில்லை.

அன்றாட நடையைத் தொடர்ந்து பதிவதே உண்மையான படம் தரும், ஒருமுறைச் சோதனையில் எல்லாரும் முயன்று நன்றாக நடந்துவிடுவார்கள் என்பது வலுவான மறுப்பு. சோதனைக்கூட நடை வேறு, வீட்டு நடை வேறு என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆயினும் பதிவு விடுபடும்போது அது தற்செயலாக விடுபடுவதில்லை. மெலிந்தவர்கள், ஏழைகள், பெண்கள் ஆகியோரின் நாட்களே முதலில் காணாமற்போகின்றன. மெதுவாகவும் கோலூன்றியும் நடப்பவர்களிடம் அசைவின் அதிர்வு சிறிதாக இருப்பதால், அடியைக் கண்டறிவதில் கருவியும் அங்கேதான் தடுக்கி விழுகிறது. தொடர்ச்சி இருந்தும் யாரைக் காண வேண்டுமோ அவரைக் காணாத பதிவைவிட, எல்லாருக்கும் ஒரேவிதமாக நடத்திய இரண்டு நிமிடச் சோதனை மேல்.

சோதனைதான் போதும் என்றால் நிறுத்துகடிகாரம் போதாதா என்பது அடுத்த கேள்வி. வேகத்துக்கு மட்டுமானால் போதும். 2017–18-இல் இந்திய நெடுங்கால முதுமை ஆய்வு நாடெங்கும் நடைவேகத்தை அளந்தது நான்கு மீட்டர் தூரத்தில்தான். ஆஷா பணியாளரின் சரிபார்ப்புப் படிவமோ, நிற்கும்போதோ நடக்கும்போதோ நிலைதடுமாறுகிறதா என்று கேட்டு, ஆம், இல்லை என்ற பதிலோடு நின்றுவிடுகிறது. இடுப்பில் துணிப்பட்டையால் கட்டிய கைபேசி அந்தத் தடுமாற்றத்துக்கு அளவு தரும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி, நாற்காலியிலிருந்து ஐந்து முறை 14 நொடிக்குள் எழச் சொல்கிறது. தரையில் அமர்ந்து உண்டு, குந்தி வேலைசெய்யும் வீடுகளில் இழப்பு முதலில் தெரிவது தரையிலிருந்து எழும்போதுதான். முன்சாய்ந்து, கையூன்றி, நிமிரும் அந்த அசைவை உணரி கட்டங்கட்டமாகப் பிரித்துக் காட்ட முடியும். நிறுத்துகடிகாரம் தருவது மொத்த நேரத்தை மட்டுமே.

நடைவேகம் குறைவு எனக் கொள்ளும் எல்லைக்கோடு எது என்பதில் அவசரம் கூடாது. ஆசியத் தசைநலிவுப் பணிக்குழு 2019-இல் வகுத்த நொடிக்கு 1.0 மீட்டர் என்ற கோட்டை அப்படியே வைத்தால், மருத்துவர் கவனிக்கவே முடியாத அளவுக்கு நீண்ட பட்டியல் உருவாகலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒருவரை அவரது முந்தைய அளவோடு ஒப்பிட்டால், தொடையில் வலு குறைந்தவரையும் புதிதாகத் தடுமாறுபவரையும் வேறுபடுத்தி உடற்பயிற்சிக்கோ மருந்துச் சீட்டின் மறுஆய்வுக்கோ அனுப்பலாம். இதையெல்லாம் செய்ய வேண்டிய ஆஷா பணியாளர் பெறும் வருவாயில் ஒரு பகுதி வேலைவாரியான ஊக்கத்தொகை. இந்த இரண்டு நிமிடத்துக்கும் தனித் தொகை ஒதுக்காமல் படிவத்தில் இன்னொரு கட்டத்தை மட்டும் சேர்த்தால், கைபேசி யார் இடுப்பிலும் ஏறாமலேயே அந்தக் கட்டம் நிரப்பப்பட்டுவிடும்.