எண்ணிம மரபுரிமை (ஜெர்மனி)

இறந்தவர் விட்டுச்செல்லும் மின்னஞ்சல், சமூக ஊடகம் முதலிய இணையக் கணக்குகள் வாரிசுகளைச் சேர்வது எண்ணிம மரபுரிமை எனப்படும். ஒருவர் இறந்ததும் அவருடைய சொத்து, கடன், ஒப்பந்த உரிமை அனைத்தும் ஒட்டுமொத்தமாக வாரிசுகளுக்கு உரியவையாகும் என்னும் ஜெர்மானியக் குடிமையியல் சட்டத்தொகுப்பின் 1922ஆம் பிரிவே இதற்கு அடிப்படை. 2012இல் இறந்த சிறுமி ஒருத்தியின் ஃபேஸ்புக் கணக்கு நினைவுப் பக்கமாக மாற்றப்பட்டு, கடவுச்சொல் இருந்தும் பெற்றோர் உள்நுழைய முடியாமற்போனதால் எழுந்த வழக்கில், நாட்குறிப்பும் கடிதமும் போலக் கணக்கு ஒப்பந்தமும் வாரிசுரிமைக்கு உட்பட்டதே என்று கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2018 ஜூலை 12 அன்று தீர்ப்பளித்தது. அதன்பின் நிறுவனம் 14,000 பக்கங்களுக்கு மேற்பட்ட பிடிஎஃப் கோப்பை மட்டும் அளித்தபோது, அது போதாது என்றும், கணக்கை அதன் உரிமையாளர் கண்டவாறே வாரிசுகள் பார்வையிட வழிசெய்ய வேண்டும் என்றும், ஆனால் அதைத் தொடர்ந்து பயன்படுத்தும் வசதியை அளிக்கத் தேவையில்லை என்றும் அந்நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது.