1916 மார்மோலாடா பனிச்சரிவு தரும் பாடம்

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் பனிச்சுவர் இடிந்து மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள் 10 பேர் புதைந்தார்கள். அவர்களில் நால்வர் நம்ம தமிழ்நாட்டுப் பிள்ளைகள். கடைக் கணக்குக்கு நடுவே பனியைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியது அன்றுதான்.

அப்படிக் கண்ணில் பட்டது ஒரு பழைய செய்தி. முதல் உலகப் போரில், இத்தாலியை எதிர்த்து நின்ற ஆஸ்திரியப் படை, ஆல்ப்ஸ் மலையில் மார்மோலாடா சிகரத்தின் அடியில் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தது. எதிரியின் குண்டுக்கு அது மறைவான இடம், பனிக்கோ நேர்வழி! 1916 டிசம்பரில் பனி விடாமல் கொட்டியது. முகாமின் கேப்டன் ருடால்ஃப் ஷ்மிட், இடத்தை மாற்ற வேண்டுமென்று மேலிடத்துக்கு எழுதினார். மறுத்துவிட்டார்கள். பிறகு குளிர் தணிந்து வெப்பம் ஏறியது. டிசம்பர் 13 விடியற்காலை பனி பெயர்ந்து வந்தது. சுமார் 270 பேர் மாண்டனர்.

ஏன் சரிகிறது? மலைப்பனி ஒரே கட்டி அல்ல. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. அடியில் ஓரடுக்கு சர்க்கரை மாதிரி உதிரியாக இருந்தால், மேலே புதுப்பனியின் பாரம் ஏறியதும் பாளமாக வழுக்கிவிடும். ஈரம் ஊறினாலும் பிடி தளரும். 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளில்தான் பெரும்பாலும் இந்த ஆபத்து.

நம் நாட்டிலும் 1969-இல் மணாலியில் இதற்கென்றே ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். பனியில் குழி வெட்டி, அடுக்கடுக்காய்ப் பார்த்து, ஆபத்தைக் கணிப்பது இந்தத் துறையின் வழக்கம்.

ஆனால் எச்சரிக்கை எழுதினால் மட்டும் போதுமா? கேட்டு நடக்க ஆள் வேண்டும். 1916-இல் இல்லாமல் போனது அதுதான்.